கரண்டியில் காய்ந்த பாதரசம்

செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் நான் ஆய்வுக்கூட உதவியாளன். எதையும் பாய்ந்து செய்கிற சுபாவம். சென்ற மாதம் அப்படித் தூக்கியதில் காற்றழுத்தம் அளக்கும் பாரமானி கைநழுவி உடைந்து, பாதரசம் நூறு மணிகளாகத் தரையெங்கும் ஓடியது.

மாணவர்களை வெளியேற்றி ஜன்னல்களைத் திறந்தேன். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் அட்டெண்டர் ஏகாம்பரமும் நானும் அட்டையால் மணிகளைக் கூட்டிப் புட்டியில் சேர்த்தோம். இடுக்குகளில் மிஞ்சிய பாதரசத்தைக் கட்டுவதற்குத் தூவக் கந்தகத் தூள் வாங்கிவர நான் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் புட்டி காலி. பின்னறையில் ஸ்டவ் சத்தம். ஏகாம்பரம் இரும்புக் கரண்டியில் பாதரசத்தை வெற்றிலைச் சாறு விட்டு மணியாக இறுகக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"கொயந்தைக்கு ரசமணி சார். அரைஞாண்ல கோத்துட்டா சீக்கு அண்டாது."

"அண்ணாத்த, வெளியே வாங்க. அந்த ஆவி விஷம்."

"இன்னா சார், ஒண்ணும் நாறலியே."

நாறாததுதான் ஆபத்து. எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்டவ்வை அணைத்து அவரை இழுத்து வந்தேன்.

மாலைக்குள் அவருக்கு இருமலும் காய்ச்சலும் கண்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாசலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவியை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காய்ச்சினால் விஷம் என்று எனக்குத் தெரியும். ஓடிய அவசரத்தில் அவரிடம் சொல்லவில்லை.

பிழைத்து வந்துவிட்டார். இப்போது நான் புட்டியைப் பூட்டாமல் நகர்வதில்லை. எந்த ரசாயனத்தைத் தொடுமுன்னும் அதன் ஆபத்தைச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். பாதரசம் வந்தால் மட்டும் அவரே முந்திக்கொள்கிறார்:

"தெரியும் சார். நாறாது, ஆளைத் தூக்கிடும்."