வரி கட்டிய மேகலா

கரடியூர் மேகலா சேலத்துக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் ஏற்காட்டில் ஒரு லாட்ஜுக்கு வருகிறவர்களைக் காட்டுப் பக்கம் அழைத்துப்போய்ப் பறவை காட்டுவாள். நல்ல பறவை கண்ணில் பட்டால் வந்தவர்களை மறந்து அவளே முதலில் குதிப்பாள். அதற்காகவே அவளைக் கேட்டு வந்தார்கள்.

மார்ச் மாதம் லாட்ஜில் கொடுக்கும் பணம் குறைந்து வந்தது. வருமான வரி பிடித்திருப்பதாக மேனேஜர் சொன்னார். அதை வீட்டில் சொன்னதும், எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கிளை வெட்டிக் கவாத்து செய்யும் அப்பா நல்லமுத்து சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"நம்ம ஊட்டுல ஒருத்தி இன்கம்டாக்ஸ் கட்டுறாளா!"

"கட்டலீங்கப்பா, புடிச்சுக்கிட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு!"

மறுநாள் எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாரியம்மன் பண்டிகை வசூலுக்கு வந்த மாதப்பன், "ஏனுங்க, சர்க்காருக்கே வரி கட்டுற ஊடு, ஆத்தாளுக்கும் கொஞ்சம் சேத்துக் குடுங்க" என்றார். நல்லமுத்து சிரித்தபடி இரண்டு மடங்காகக் கொடுத்தார்.

"வரி போனது அவளுக்கு, பெருமை உங்களுக்கு, தண்டம் எனக்கா?" என்று அம்மா வேலம்மாள் பிடித்துக்கொண்டாள்.

இதை இப்படியே விடக் கூடாது என்று மேகலா லாட்ஜில் கணக்குப் பார்க்கும் பவித்ராவிடம் போனாள்.

"அக்கா, படிக்கிற புள்ளைக்கு எதுக்குங்க வரி?"

"படிக்கிறவங்கன்னு தனிச் சலுகை கெடையாது மேகலா. வருசத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கறேங்கிறதுதான் கணக்கு. உனக்கு வரியே வராது. ஆனா உன்னைச் சம்பள ஆளா எழுதாம, வெளியாளுக்குக் குடுக்கற கட்டணமா எழுதியிருக்காங்க. அது வருசத்துல ஒரு அளவைத் தாண்டினா நூத்துக்குப் பத்து புடிச்சுத்தான் ஆகணும்."

"சம்பளமா எழுதியிருந்தா?"

"இந்த வருமானத்துக்குப் புடிக்கவே வேண்டியதில்ல. நீ பான் நம்பர் குடுத்தது நல்லதாப் போச்சு, இல்லேன்னா இன்னும் அதிகமாப் புடிச்சிருப்பாங்க. ரிட்டர்ன் போடு, திரும்பி வந்துரும்."

ஜூலையில் ஃபோனிலேயே போட்டாள். சில வாரங்களில் பணம் வங்கிக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் சொன்னபோது நல்லமுத்துவின் முகம் விழுந்துவிட்டது.

"திருப்பிக் குடுத்துட்டாங்களா? ஏன், நம்ம காசு ஆகாதாமா?"

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்னு தள்ளலீங்கப்பா. இந்த அளவு சம்பாதிக்கிறவங்க கிட்ட வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க."

"அப்ப நீ நொம்பச் சம்பாதிச்சாத்தான் வாங்குவாங்களா?"

"ஆமாங்க."

"சரி. மொதல்ல படி."

மறுவாரம் மேகலா மேனேஜரிடம் போய், தன்னைச் சம்பளப் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள். அவர் இழுத்தார். "வேற லாட்ஜுலயும் கூப்பிடுறாங்க சார்" என்றதும், அடுத்த மாதமே சேர்த்துவிட்டார்.

திரும்பி வந்த பணத்தில் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினாள். முதலில் அம்மாவுக்குத்தான் கொடுத்தாள். வேலம்மாள் பலா மரத்தில் உட்கார்ந்திருந்த குக்குறுவான் பறவையை வெகுநேரம் பார்த்தாள்.

"இதைக் காட்டியா காசு வாங்குற? நான் தெனமும் சும்மா பாக்குறனே சாமி!"