மச்சான் வீட்டில் என் ரயில்

என் தங்கையின் கணவரைக் கண்டாலே எனக்கு எரியும். நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்ததும் உடுப்புப் பையோடு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அப்படி நான் மருதமுனைக்குப் போனேன். மச்சான் கல்முனையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வளர்ந்த அறையில் இப்போது அவர் குறட்டை விடுகிறார். சோற்றுக்கு ஊற்றும் மீன் ஆணத்தில் நடுத்துண்டு அவருக்கு. வைஃபை பாஸ்வேர்டைக்கூட நான் அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சமிருந்தது ஒன்றுதான்: வாப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த மின்சார விளையாட்டு ரயில். எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். உண்மையான ரயிலில் ஏற மட்டக்களப்புவரை போக வேண்டிய ஊரில், ரயில் ஓடும் ஒரே வீடு எங்களுடையது என்று பெருமையடித்துத் திரிந்தவன் நான். மாப்பிள்ளையாகப் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போக வெட்கமாக இருந்தது. அலுமாரி மேல் வைத்துவிட்டுப் போனேன்.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு உம்மா போனில் கோல் எடுத்தார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம்.

"ஒங்கட ரயில் பெட்டி இரிக்கி மகன். வந்து எடுத்துட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போனேன். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே எடுத்துப்போக நினைத்து, முன் ஹோல் தரையில் தண்டவாளத்தைப் பூட்டி, கொன்ட்ரோலரைத் திருகிக் கரண்ட் கொடுத்தேன். எஞ்சினின் முன்விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. முனகிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து நின்றது. விரலால் தள்ளினால் கொஞ்சம் போகும், திரும்ப நிற்கும். மச்சான் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர், எழும்பி வந்து கை வைக்கவில்லை. நான் தடுமாறுவதை இருந்து ரசிக்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

முதல் சந்தேகம் வயர் மேல். கழற்றி வேறு தண்டவாளத் துண்டில் பூட்டினேன், அதே கதைதான். தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் கறுப்பாகப் பிசுபிசுத்தது. மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"இதுக்கு ஆரு எண்ணெய் பூசின?" குரல் உயர்ந்துவிட்டது. "எண்ணெய்க்குள்ளால கரண்ட் போகுமா? தெரியாட்டி தொடாம இரிக்கணும்."

மச்சான் எழுந்து உள்ளே போனார். ஸ்பிரிட் போத்தலும் பழைய டூத்பிரஷும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். குற்றவாளி இவர்தான், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தண்டவாளம் முழுக்கத் துடைத்தேன். துண்டுகள் இணையும் இடங்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தேன். சக்கரங்களில் அழுக்குப் பொருக்காகப் பிடித்திருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். இப்போது விளக்கு பளிச்சென்று எரிந்தது, எஞ்சின் மட்டும் ஊர்ந்தது. கரண்ட் வருகிறது, அப்படியென்றால் கோளாறு உள்ளே. அடித்தட்டைக் கழற்றினேன். பல்சக்கரங்களுக்கு இடையில் எண்ணெய் பலாப்பால் மாதிரி இறுகிக் கிடந்தது. பிரஷால் தேய்த்து எடுத்து, உம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு ஒரு சொட்டு மட்டும் வைத்தேன்.

பூட்டி விட்டதும் ஓடியது. நிற்காமல், திணறாமல், மூன்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. குசினி அடுப்படியிலிருந்து உம்மா சத்தம் கேட்டு வந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இதப் பாக்க அவர் இல்லயே. பெருநாளைக்குப் பெருநாள் எறக்கி எண்ணெய் பூசி வைப்பாரே மனிசன், கடல்காத்துக்குத் துருப்பிடிச்சிரும் எண்டு."

நான் மச்சானைப் பார்த்தேன். "வாப்பாவா பூசின? நான் ஏசக்குள்ள சொல்லியிருக்கலாமே."

"மௌத்தான மனிசன்ட பிழைய நான் எப்பிடிச் சொல்லுற, மச்சான்?" என்றார். "ஓடாமப் போனதும் நான் திருத்தித் தாறன் எண்டு எத்தினயோ தரம் கேட்டன். தொட விடல்ல. 'வைங்க, இது மகன்ட, அவன் வந்து பாப்பான்' எண்டுவார். ஊருல உள்ளவங்கட போனெல்லாம் என்ட கையில. இத மட்டும் தொட விடல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பொறாமைக்காரனுக்குப் பொறாமைக்காரனைத் தெரியாதா? எனக்குச் சந்தோசம் வந்தது. ஏசியதற்காக வெட்கம் வந்திருக்க வேண்டும், வந்தது சந்தோசம்தான்.

அது கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. வாப்பா எண்ணெய் பூசும்போது எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தது யார்? இவராகத்தான் இருக்கும். அந்த நேரம் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது இவர், நான் இல்லை. முன்பு எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

"ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டா மச்சான்?" தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு என்னிடம் அனுமதி கேட்டார். தரைக்கு இறங்கி வந்து கையை நீட்டினார்.

கொன்ட்ரோலரை நான் விடவில்லை.

"தாறன்," என்றேன். "முதல்ல சொல்லுங்க. எண்ணெய் பூசக்குள்ள வாப்பா என்னத்தக் கதைப்பார்?"