ஸ்டீயரிங் ராடில் அவர் வைத்த வெல்டிங்

என் கணவர் விட்டுப்போன பழைய அம்பாசடரை ஜூஜுவாடியில் ஒரு ஷெட்டில் பிரித்துப் போட்டிருந்தோம். அதைச் சரிசெய்து அதைத்தான் ஓட்டுவேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். பெயிண்ட், சீட் எல்லாம் உன் இஷ்டம், ஸ்டீயரிங்கை மட்டும் நான் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே வரும் என்று சொல்லிவிட்டேன். ஓசூர் கம்பெனியில் பாகங்களைச் சோதித்து, தேறாததைத் தள்ளுவதுதான் என் வேலை. இந்த விஷயத்தில் நான் யாரையும் நம்ப மாட்டேன், மெக்கானிக் உட்பட.

மூட்டுகளை ஆட்டிப் பார்த்தேன். தேய்ந்திருந்தன, புதிது போட்டுவிடலாம். சக்கரத்தைத் திருப்பும் ராடில் கிரீஸைத் துடைத்தபோது அந்த வெல்டிங் தெரிந்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் பள்ளத்தில் விழுந்து ராடு விரிசல் விட்ட அன்று, வெல்டரான அவரே வைத்தது. ஸ்டீயரிங் ராடில் வெல்டிங் கூடாது என்று அவருக்கும் தெரியும். மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அதற்குள் போய்விட்டார். மீன் செதில்போல வரிசை கலையாமல் படிந்திருந்த அந்த வெல்டிங் மேல் விரலை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை.

இருவரும் ஒரே கம்பெனி. அவர் வெல்டிங் வைத்ததெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். "எவன் பீஸ வேணா தள்ளு, எம்பீஸ மட்டும் தள்ளிறாத" என்று டீ நேரத்தில் வம்பிழுப்பார். தள்ளும்படி அவர் ஒன்றுகூட வைத்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கும் உண்டு.

மெக்கானிக் அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டார் போல.

"இத்தினி வருசம் தாங்கிச்சில்லக்கா. இருக்கட்டும் விடுங்க."

எனக்கும் அதே ஆசைதான். ஏதாவது சாக்கு கிடைக்காதா என்றுதான், கம்பெனியில் செய்வதுபோல விரிசல் காட்டும் சிவப்பு மருந்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வெல்டிங் ஓரமாக மயிரிழையில் ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது.

தள்ளிய பீஸ் தவறிப்போய் மறுபடி வண்டிக்குள் போய்விடாமலிருக்க, தள்ளுகிறவரே அதில் சிவப்புப் பெயிண்ட் பூச வேண்டும். எங்கள் கம்பெனி வழக்கம் அது. மெக்கானிக் பிரஷுக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை, நானே பூசினேன்.

புது ராடு போட்டு மகள் ஓட்டுகிறாள், வண்டி நேராகப் போகிறது. சிவப்பு ராடு என் சமையலறை ஜன்னலோரம் சாய்ந்து நிற்கிறது. டீ போடும்போதெல்லாம், என் பீஸையே தள்ளிவிட்டாயா என்று சண்டை போடவாவது அவர் ஒருமுறை வரமாட்டாரா என்றிருக்கிறது.