ஆம்புலன்ஸ்காரரும் மூன்று தீர்ப்புகளும்

என் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டினார். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த நான் அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, "படிச்ச பொண்ணுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று என் வீட்டில் மூக்கைச் சிந்தினார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கடைசிவரை "மேடம்" என்று கூப்பிட்டுக் கேலி செய்ததோடு சரி.

அவருடைய வேலையில் வெளியே யாரும் பேசாத ஒரு பகுதி உண்டு. இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்ட நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மூச்சு இயந்திரத்தை நிறுத்த மருத்துவமனைக்குப் பயம். சட்டம் அதைக் கொலை என்று சொல்லிவிடும். அதனால், எங்கள் விருப்பப்படி அழைத்துப் போகிறோம் என்று உறவினர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வண்டியில் ஒருவர் ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். வீட்டில் படுக்க வைத்ததும் அழுத்துவதை நிறுத்த வேண்டும். யார் நிறுத்துவது? மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். மருமகள் சமையலறைக்குள் போய்விடுவாள். கடைசியில் எல்லார் கண்ணும் டிரைவர் மேல் வந்து நிற்கும்.

எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது முதல் தீர்ப்பு வந்தது. நினைவே இல்லாமல் வருடக்கணக்காகப் படுத்திருந்த மகனுக்காக ஒரு தாய் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தார். வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீதிபதிகளில் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் தனியாக எழுதியிருந்தார்: கடைசி மூச்சும் வாழ்க்கையில் சேர்ந்ததுதான், அதற்கும் மரியாதை வேண்டும் என்று. நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த செய்தித்தாளை மடியில் விரித்துக்கொண்டு இவர், "இந்த ஒருத்தரு ஒரு நாளாவது நம்ம வண்டியில வந்திருப்பாரு மேடம்" என்றார்.

மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு இரண்டாவது தீர்ப்பு. அன்று தனியாக நின்றவர் சொன்னதையே இப்போது மொத்த நீதிமன்றமும் சொன்னது. மீள வழியில்லாத நிலை வந்தால் இயந்திரம் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் வைத்துத்தான் எழுத வேண்டும். இவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த குமாஸ்தா இவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"வீட்டுல சண்டையாங்க?"

"அதெல்லாம் இல்ல சார். சாகும்போது நல்லபடியா சாகணும்னு எழுதி வெக்கலாம்னு..."

"வேலை ஆரம்பிக்கிற நேரத்துல ஏங்க இந்தப் பேச்சு? முதல்ல போய் ஒரு டீ குடிங்க."

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "உரிமையைக் கொடுத்துட்டாங்க மேடம். எந்த ஜன்னல்ல போய் வாங்கறதுன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல."

அவர் ஓய்வு பெற்ற பிறகு மூன்றாவது தீர்ப்பு. டாக்டர்களே போய் முறையிட, தான் வைத்த நிபந்தனைகள் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இனி இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியும் போதும். மருத்துவமனைக்குள்ளேயே இரண்டு டாக்டர் குழுக்கள் பார்த்து முடிவு செய்யலாம். மறு வாரமே இவர் எழுதிவிட்டார். ஒரு சாட்சி பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவர் இவரோடு வண்டி ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே பாட வந்துவிடும் என்பதால் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர்.

"சொத்தே இல்லாத ஆளு எழுதற உயிலை இப்பதாண்ணே பாக்குறேன்."

"யாருடா சொன்னா இல்லன்னு? மூச்சு இருக்கே. அதை எவனும் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. போடு கையெழுத்தை."

போன மாதம் என் கணவர் குளியலறையில் விழுந்தார். நான் பாட்டுக்காரருக்குத்தான் போன் செய்தேன். வண்டியைப் பறக்கவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவசரப் பிரிவு வாசலிலேயே, "சார், மூச்சு நிக்குது! ட்யூப் போடுங்க, சீக்கிரம்!" என்று கத்தியவரும் அவர்தான். போட்டார்கள்.

மூளை முழுக்க ரத்தக் கசிவு. சில நாள் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவர் எழுதி வைத்ததை எடுத்துக் கொடுத்தேன். இளைய டாக்டர் தயங்கினார்.

"கோர்ட்டு சொல்லும்மா. நாளைக்கு யாராவது என் மேல கேஸ் போட்டா?"

பெரிய டாக்டர் வந்து அவரை ஒதுக்கிவிட்டு, "முறைப்படி செய்வோம். ஆனா குடும்பம் ஒரே மனசா இருக்கணும்" என்றார்.

அங்கேதான் இடித்தது. வெளியூரிலிருந்து ஓடி வந்திருந்த மகள் ஒரே பிடியாக நின்றாள். "எழுதும்போது அப்பா நல்லா இருந்தார்மா. இப்ப உள்ள இருந்துட்டு, வேணாம், நான் இருக்கேன்னு நினைச்சா? அவர் எப்படிச் சொல்லுவார்?"

வராந்தாவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"பாப்பா, ட்யூப் போடச் சொன்னது நான். வேணாம்னு உங்கப்பா எழுதினதுக்குச் சாட்சியும் நான்."

"தெரிஞ்சே ஏன் சித்தப்பா சொன்னீங்க?"

"யோசிச்சாதானே? இத்தனை வருஷமா வாய் அதையேதான் கத்தியிருக்கு, அன்னைக்கும் கத்திடுச்சு. அண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சா என்னை நார் நாராக் கிழிச்சிடுவார்."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ரப்பர் பையைப் பற்றி அவளிடம் சொன்னார். வீட்டில் அவள் காதுபட அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை.

"பைய அழுத்தறத நிறுத்திட்டு ஷெட்டுக்கு வந்து கைய கழுவிக்கிட்டே இருப்பார் பாப்பா. போதும்ணேன்னு நாங்கதான் குழாயை மூடுவோம். அவர் தனக்காக மட்டும் எழுதல. நீயும் அண்ணியும் ஒரு நாள் அந்த மாதிரி நிக்கக் கூடாதுன்னு எழுதினார்."

மகள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் எங்க கையெழுத்துப் போடணும்மா?" என்றாள்.

இரண்டாவது குழுவும் பார்த்து ஒப்புக்கொண்டது. வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, மத்தியானம் பெரிய டாக்டரே குழாயை எடுத்தார். யாரும் வெளியே போகவில்லை. இவர் உயிர் உடனே போய்விடும் என்று நினைத்தேன். தானாக மூச்சு விட்டார், சத்தத்தோடு.

"அம்மா, குறட்டை விடறார்" என்றாள் மகள்.

சாயங்காலம் வரை இருந்தார். இடைவெளி கூடிக்கூடி, பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. டாக்டர் நேரத்தைச் சத்தமாகச் சொன்னார். அழுதேன். ஆனால் அத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

வெளியே வந்தபோது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படிச் செய்ய விடறாங்களாக்கா?"

"விடறாங்கம்மா" என்றேன். "உட்காருங்க, சொல்றேன்."