குமிழ் வெளியே இழுத்த வாட்சும் திருவள்ளூர்க் குளமும்

எழுபதுகளின் நடுவில், ஒரு தை அமாவாசையன்று, இன்னும் காசு கைக்கு வராத என் சுவிஸ் வாட்ச் ஒன்று திருவள்ளூர் கோயில் குளத்தில் முழுகப் போவதாகக் கும்மிடிப்பூண்டியில் தெரிந்துகொண்டேன்.

புது வாட்ச்தான். ஆனால் பார்வைக்கு நாற்பது வருடப் பழசு மாதிரி செய்திருப்பார்கள்: பால் நிற முகம், நீல முள், தங்க முலாம், தோல் வார். வாட்ச் வாங்கி விற்கிறவன் நான்; என் கைமுதலில் முக்கால்வாசி அதில் முடங்கியிருந்தது. விலை ஐந்நூறு ரூபாய். அரிசி மில் முதலாளி வரதன் ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டுப் பணம் தருவதாக வாங்கியிருந்தார். அதை வசூலிக்கத்தான் சென்னையிலிருந்து முதல் பாசஞ்சர் ரயிலில் போனேன். ஒன்றரை மணி நேரம்.

மில்லில் அவர் மனைவி மட்டும் இருந்தார்.

"அவரு திருவள்ளூர் பூட்டாருண்ணே. பத்தரைக்கு நல்ல நேரமாம். முழுகி எழுந்து, அப்பத்தான் வாட்சை ஓட விடணுமாம். நேத்தே அந்தக் குமிழை வெளிய இழுத்து நிறுத்தி வெச்சுட்டாரு."

"கையில கட்டிக்கினா போனாரு?"

"பின்ன? வாட்டர்ப்ரூஃப்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னேன்தான். சாவி கொடுக்கிற அந்தக் குமிழ் உள்ளே அழுந்தியிருந்தால் அது உண்மை. வெளியே இழுத்திருந்தால் தண்ணீருக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

பஸ்ஸில் புதுவாயல் வந்தேன். அங்கிருந்து திருவள்ளூர் பஸ் எதிலும் கால் வைக்க இடமில்லை. தவிட்டு மூட்டை லாரி ஒன்றை மறித்தேன். ஐந்து ரூபாய் கேட்டார் டிரைவர்.

"இன்னாண்ணே, ஊட்ல யாருக்காவது சீரியஸா?"

"ஒரு வாட்ச் குளத்துல எறங்கப் போவுதுப்பா."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "பேஜாரு கேஸ்" என்று கிளீனரிடம் சொல்லிவிட்டு, வண்டியை மட்டும் நன்றாகவே விரட்டினார். பெரியபாளையத்தில் மாட்டு வண்டிகள் வழியை அடைத்தன. அங்கேயே கால் மணி போனது.

குளக்கரையில் தலைகள்தான் தெரிந்தன. நோய் கரையட்டும் என்று தண்ணீரில் வெல்லம் போடுகிற கூட்டம். மூன்றாவது படியில், முழங்கால் தண்ணீரில், வெல்லக் கட்டியோடு வரதன். கையில் வாட்ச்.

"மொதலாளி, முழுகாதீங்க."

அவர் நிதானமாகத் திரும்பினார். "ஏன், டூப்ளிகேட்டா?"

பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள். விஷயத்தை விளக்கினேன்.

"மொதல்ல குமிழை அமுக்கிடுங்க" என்றேன்.

"அமுக்கினா ஓடிடும். நேரம் வரல."

"கழட்டி என்கிட்ட குடுங்க."

"நான் தண்ணிக்குள்ள தலைய வுடுவேன், நீ வேற வாட்சை மாத்திடுவே. டப்பு விஷயத்துல நான் யாரையும் நம்புறதில்ல நைனா."

"ஏமாத்துறவன் இன்னாத்துக்குத் தவிட்டு லாரியில வரணும்? நீங்க முழுகி எழுந்தப்புறம், 'குமிழை இழுத்தது உங்க தப்பு'ன்னு சொல்லி மொத்தப் பணத்தையும் கேட்டிருப்பேனே."

அவர் வாட்சைக் கழற்றினார்.

"தலைக்கு மேல தூக்கிப் புடி. கையை எறக்காதே."

மூன்று முழுக்கு. ஒவ்வொரு முறை எழும்போதும் முதலில் பார்த்தது என் கையைத்தான். கோபுரத்தைப் பிறகுதான் கும்பிட்டார். தலையைக் கூடத் துவட்டாமல், பத்தரைக்கு, நான் தூக்கிப் பிடித்திருந்த வாட்சின் குமிழை அமுக்கினார். முள் நகர்ந்தது. நானும் கையை இறக்கினேன்.

பழைய பாணி வாட்ச் இப்போது மறுபடி விற்கிறது. வாட்சின் முதுகில் வாட்டர்ப்ரூஃப் முப்பது மீட்டர் என்று போட்டிருந்தால் அது மழைத் தூறலுக்கும் கை கழுவுவதற்கும்தான், குளிக்க அல்ல. குமிழை ஈரக்கையால் தொடாதீர்கள். தோல் வார் வியர்வைக்கே நாறும், வெயில் காலத்தில் மாற்றுங்கள். தண்ணீர் புகாமல் உள்ளே தடுக்கிற ரப்பர் வளையத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். அமாவாசையன்று திருவள்ளூர் போவதென்றால் ரயிலில் போங்கள். புதுவாயல் பக்கமாக பஸ்ஸை நம்பி இறங்காதீர்கள்.

அன்றைக்கு, குளிக்க உதவாத வாட்சுக்குப் பேசிய ஐந்நூறு கிடையாது என்றார் வரதன். படியிலேயே பேசி முடித்தோம்: நானூற்று ஐம்பது. இருநூறு அன்றே, மீதி ஐப்பசி மழை முடிந்து, கண்ணாடிக்குள் ஈரம் படியாமல் இருந்தால்.