லேப் வாசலில் வைத்த பூ

ஒரு பக்கம் ஸ்பிரிட் வாசம்... இன்னொரு பக்கம் ஈரத் தலைமுடியில் சாம்பிராணி வாசம். இரண்டும் கலந்ததுதான் எனக்கு வெள்ளிக்கிழமை.

நேற்று மகள் பாடசாலை லேப்பில் எடுத்த போட்டோவைக் காட்டினாள். கண்ணுக்குக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, இறுக்கிய கொண்டை. அதைப் பார்த்ததிலிருந்து மனசு அந்தப் பழைய அறையிலேயே நிற்கிறது.

பதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு லேப் வந்தபோது நான் ஒன்பதாம் ஆண்டு. பழைய சாமான் அறைதான். தகரக் கூரை, மழை பெய்தால் மிஸ் பேசுவது கேட்காது. இரண்டு நீள மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு அலுமாரி... அதற்கே நாங்கள் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்ப்போம்.

பாடசாலை அதிபருக்கு மட்டும் பயம். விஞ்ஞான மிஸ்ஸிடம் சாவியைக் கொடுக்கும்போதே எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஏதாவது ஒன்னு நடந்துச்சு, அன்னைக்கே பூட்டிருவேன். அப்பறம் படத்தைப் பாத்துப் படிச்சுக்கங்க."

அதுவரை படத்தைப் பார்த்துத்தானே படித்தோம்... அதனால் அந்தச் சாவி எங்களுக்கு அவ்வளவு பெரிது.

மிஸ் யாழ்ப்பாணத்தவர். ஒவ்வொரு முறையும் வாசலில் நிறுத்திச் சொல்லுவார். "பிள்ளையள், காலுக்குச் சப்பாத்து போடோணும். தலைமயிரை இறுக்கிக் கட்டோணும். சோதனைக் குழாயின்ர வாயை ஒருத்தரின்ர முகத்துக்கும் நேரே பிடிக்கப்படாது."

எல்லாம் சரி. ஆனால் லேப் பாடம் வெள்ளிக்கிழமை! எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வெள்ளிக்கிழமை தலை முழுகி, சாம்பிராணிப் புகை காட்டி, நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு, பூ வைத்துத்தான் அனுப்புவார்கள்.

"வெள்ளியும் அதுவுமா தலைய இறுக்கி முடிஞ்சிக்கிட்டா போவ? பூவை எடுத்தியோ, தெரியும் சேதி" என்பார் அம்மா.

மிஸ் பார்க்கும்போது அவசரமாகச் சுருட்டிக்கொள்வோம். மிஸ் திரும்பியதும் அது தானாக அவிழும்.

அன்று நீலத்துருசை, அதாவது செப்பு சல்பேட்டை, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினோம். நீலக் கட்டி கண் முன்னாலேயே வெளுத்தது. ஆறவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மறுபடியும் நீலம்! என் மேசையில் கூட நின்ற புஷ்பா, பக்கத்து லயத்துக்காரி, "ஐயோ, உசுரு வந்திருச்சுடி!" என்று குதித்தாள்.

பிறகு விளக்கை அணைக்க வேண்டும். அதன் மூடியைக் காணோம், எங்கேயோ உருண்டுவிட்டது. புஷ்பா கன்னத்தை உப்பிக்கொண்டு குனிந்தாள்.

"ஏய், வாயால ஊதாதடி! வெள்ளிக்கிழமை!"

சாமி விளக்கை எங்கள் வீட்டில் ஊத மாட்டோம். பூவை வைத்துத்தான் குளிர வைப்போம். எனக்குத் தெரிந்தது அதுதான். தலையிலிருந்த பூவை எடுத்தேன். பயபக்தியோடு குனிந்தேன்...

தோளில் கிடந்த முடி முன்னால் சரிந்தது. சர்ரென்று ஒரு சத்தம்.

புஷ்பா யோசிக்கவே இல்லை. இரண்டு கையாலும் என் முடியைப் பொத்திக் கசக்கினாள். நெருப்பு அணைந்தது. எனக்குப் போனது நான்கு விரல் முடி. அவளுக்கு உள்ளங்கை வெந்துவிட்டது.

மிஸ் ஓடிவந்து வேறொரு விளக்கின் மூடியால் எங்கள் விளக்கை மூடினார். புஷ்பாவின் கையைக் குழாய்க்கடியில் பிடித்தார். எங்கள் மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி... அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊதாதது சரி பிள்ளை. இதையும் ஊதப்படாதுதான்" என்றார் மிஸ் என்னைப் பார்த்து. "மூடி இல்லையெண்டால் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே..."

அதற்குள் வாசலில் அதிபர். "என்ன கருகுற வாசம்?"

புஷ்பா வெந்த கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "சொல்லாதடி, பூட்டிருவாரு" என்று முணுமுணுத்தாள்.

நெற்றியில் திருநீறு. பொய் எப்படி வரும்? சொல்லிவிட்டேன்.

அதிபர் கையை நீட்டினார். மிஸ் சாவியைக் கொடுத்தார்.

மூன்று வெள்ளிக்கிழமை லேப் பூட்டியே கிடந்தது. "ஏய் சாம்பிராணி, இன்னைக்கி எதைக் கொளுத்தப் போற?" என்று பையன்கள் கேட்பார்கள். புஷ்பா என்னை ஒரு தரம்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலாவது வெள்ளி விடியலில் அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

"பெரியம்மா, பூ வேணாங்கல. லேப்புக்குள்ள இருக்குற நேரம் மட்டும் அது சாமிகிட்ட இருக்கட்டுமே. எங்கம்மா சரின்னுட்டாங்க. நாங்களே போயி அதிபர்கிட்ட கேக்கப் போறோம்."

அம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து இறுக்கிக் கட்டினார். பூவை என் கையில் கொடுத்தார்.

புஷ்பா எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறாள். லேப் வாசலில் இருந்த சரஸ்வதி படத்துக்குக் கீழே, சாப்பாட்டுப் பெட்டி மூடி ஒன்றில், பதினொரு பெண்களின் பூ. பதினொரு மடித்த பின்னல்.

அதிபர் வந்தார். மூடியில் இருந்த பூவைப் பார்த்தார். எங்கள் தலைகளைப் பார்த்தார். சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினார்.

"முடிஞ்சதும் மறக்காம எடுத்து வச்சுக்கங்க" என்றார். பூவைத்தான்.

பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றது. மிச்சத்தை மகளின் புத்தகங்களில் நானே படித்துக்கொள்கிறேன். அவளுடைய லேப்பில் ஒவ்வொரு மேசைக்கும் குழாய், சுவரில் தீயணைப்புக் கருவி... எவ்வளவு நிம்மதி! இருந்தாலும் வெள்ளிக்கிழமையில் இன்றும் பூவைச் சாமிக்கு முன்னால் வைத்து, தலையை முடிந்த பிறகுதான் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பேன். சமைத்து முடித்துத்தான் பூ தலைக்கு வரும். மகள் சிரிப்பாள்.

புஷ்பா இப்போது வெலிமடைப் பக்கம். வீடியோ கோலில் வந்தால் நான் முதலில் கேட்பது, "கையைக் காட்டுடி."

அவளும் அலுக்காமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். பெருவிரலுக்குக் கீழே வெளிறிய தழும்பு...

"பாத்துக்க. உன்னோட வெள்ளிக்கிழமை, பத்திரமா இருக்கு."