புகார் நோட்டில் ஏறிய பாராட்டு

நம் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு ஒரு மெமோ தொங்குகிறதே, அது ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஊரெல்லாம் பரிசு வாங்கிய படத்தை மாட்டினால், உங்கள் அப்பா திட்டு வாங்கிய காகிதத்தை மாட்டியிருக்கிறார் என்று உங்கள் சிநேகிதர்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளில் சின்னமனூர்ப் பக்கம் ஒரு பஞ்சாயத்து போர்டில் தண்ணி திறந்துவிடும் வேலை பார்த்தேன். ஆற்றுத் தண்ணியை மோட்டார் வைத்து மேல்தொட்டிக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று முறை உண்டு. இடுப்பு உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வைத் திருகுவேன். முறையை மீறித் திறந்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்தத் தெருவுக்கு முறை இல்லாத நாளாக இருந்தாலும் திறந்துவிடுவேன். குளிப்பாட்ட வேண்டும், வந்த சனம் தலைமுழுக வேண்டும், வீடு கழுவ வேண்டும். அங்கே போய் நின்றுகொண்டு, 'உங்களுக்கு வியாழக்கிழமைதான்' என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். நான் தினக்கூலி. எந்தக் காலையிலும், 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்லிவிடலாம். உங்களில் மூத்தவன் அப்போது அம்மா வயிற்றில் இருந்தான்.

அந்தச் சமயத்தில் ஆபீசில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். சுதந்திர தினத்தன்று சிறந்த ஊழியர் ஒருவருக்குப் பாராட்டுப் பத்திரம். தலைமை கிளார்க் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏப்பா, அது மட்டும் உன் கைக்கு வந்துட்டா, உன்னை நிரந்தரம் ஆக்கச் சொல்லி நான் எழுதிப் போடுறதுக்கு ஒரு பிடி கெடைக்கும்."

இதைக் குழாயடியில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். மேலத்தெருவில் இட்லி அவித்து விற்கிற ஆத்தா ஒருத்தி, அந்தத் தெருவுக்கே அவள்தான் வாய். இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏலே, நீ வாயில்லாப் பூச்சி. நீ போய் நின்னா காரியம் ஆகாது. நாங்க வந்து சொல்றோம்."

மறுநாள் அவள் தலைமையில் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு ஆபீசுக்குப் போனார்கள். குடம் எதற்கு என்றால், திரும்பும் வழியில் அப்படியே தண்ணி பிடித்துவிடலாமே. தலைமை கிளார்க் அன்று தேனிக்குப் போயிருந்தார். சின்ன கிளார்க்தான் இருந்தார். அவர் ஒரு நோட்டை எடுத்து விரித்தார். அட்டையில் 'புகார்ப் பதிவேடு' என்று எழுதியிருந்தது.

"புகார் சொல்ல வரலய்யா. அந்தத் தம்பியைப் பத்தி நல்லது சொல்ல வந்திருக்கோம்."

"பொதுமக்கள் எது சொன்னாலும் இதுலதான் ஏத்தணும் ஆத்தா. நல்லதுக்குத் தனி நோட்டு கெடையாது. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். "எங்க மாமா செத்தாக பாருங்க, அன்னைக்கு முறையே இல்ல. இந்தத் தம்பி ஓடி வந்து தொறந்துச்சு." சின்ன கிளார்க் அதை ஆபீஸ் தமிழில் எழுதினார்: 'மேற்படி நபர் முறை தவறி வால்வைத் திறந்ததாகத் தெரிவிக்கிறார்.' என்றைக்கு நடந்தது, எந்தத் தெரு என்று கேட்டுக் கேட்டு, வரிசை எண் போட்டு, கைநாட்டும் வாங்கிக்கொண்டார். பெண்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள். "சொல்லியாச்சு தம்பி. எல்லாம் மையில ஏறிருச்சு."

நிர்வாக அதிகாரி நியாயமான மனிதர். ஆளைப் பார்த்துப் பரிசு கொடுக்க மாட்டார், நோட்டைப் பார்த்துத்தான் கொடுப்பார். பார்த்தார். ஊரிலேயே அதிகப் புகார் என் பேரில். ஒரு புகாரும் இல்லாதவர் பூங்கா வாட்ச்மேன். பூங்கா என்றால் நான்கு சுவரும் ஒரு பெயர்ப் பலகையும்தான். செடி வைக்கவில்லை. கேட்டில் பூட்டு. உள்ளே யாரும் போனதில்லை, பிறகு யார் புகார் சொல்வார்கள்? அவருக்குப் பத்திரம் என்று முடிவானது. எனக்கு மெமோ வந்தது. பேர், தகப்பனார் பேர், 'தண்ணீர் திறப்பவர்' என்ற பதவி, கீழே வட்ட முத்திரை. விளக்கம் கேட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் யோசித்து எழுதினேன். 'ஐயா, இதில் உள்ளது எல்லாம் உண்மை. சாவு முறை பார்த்து வருவதில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

விழா அன்று மைதானத்தில் தூசி பறக்காமல் தண்ணி தெளிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். வாட்ச்மேனை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே செய்யலங்க" என்றார். "பாருங்கள் இந்த அடக்கத்தை!" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நானும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. விடாமல் வேலை பார்த்த கூலி ஆட்களை நிரந்தரம் ஆக்கலாம், ஆனால் எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆபீசைப் புரட்டிப் பார்த்தோம். எல்லாக் காகிதத்திலும் நான் 'கூலி ஆள் ஒருவர்' என்றுதான் இருந்தேன். பேரே இல்லை. தலைமை கிளார்க் திடீரென்று எழுந்து அந்தப் புகார் நோட்டைத் தூக்கி வந்தார்.

"இந்தா இருக்கப்பா! இன்ன வருஷம், இன்ன தெரு, இன்னார் வீட்டுச் சாவு, தொறந்தது நீ. பத்துப் பதினஞ்சு பேரு கைநாட்டு. போதாததுக்கு உன் மெமோ. இதுக்கு மேல என்ன ஆதாரம்?"

நிரந்தரம் ஆயிற்று. மெமோவுக்குக் கண்ணாடி போட்டது அந்த வாரம்தான்.

அதற்கடுத்த மாதமே கீழத்தெருவில் ஒரு பெரியவர் போய்விட்டார். அன்று அந்தத் தெருவுக்கு முறை இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஒப்பாரிக்கு வந்திருந்த இட்லிக்கார ஆத்தா என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஆத்தா, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆபீசுல போய் எதுவும் சொல்லிராதீக" என்றேன்.

"சொல்லலடா. நீ மொதல்ல தொற."